நந்தி நகர்ந்த கணக்கு

எங்கள் கிளையில் ஒருத்தர் இருக்கிறார். கெட்டவர் இல்லை. மாசக் கடைசியில் கைமாத்து கேட்டால் கொடுப்பார். என் பையனுக்குக் காய்ச்சல் என்றால் என் கவுண்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். போன புரட்டாசிக்கு முன்னால் ஒரு மத்தியானம், டீ வந்த நேரத்தில், பத்துப் பேர் மத்தியில் என்னைப் பாராட்டினார். “சார் மாதிரி ஆள் கிடைக்க மாட்டாங்க. கஸ்டமர் கத்தினாலும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டார். என்னா பணிவு, என்னா பொறுமை! அசல் நந்தனார்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நாயன்மார்கள் அறுபத்து மூன்று பேர். அரசர் உண்டு, அந்தணர் உண்டு, வணிகர் உண்டு, குயவர், வண்ணார், செம்படவர் எல்லாம் உண்டு. மழுவைத் தூக்கி யானையையும் பாகனையும் வெட்டிச் சாய்த்த எறிபத்தர் உண்டு. இத்தனை பேரில் எனக்கு ஒருத்தன்தான் பொருந்துகிறான். கிளையில் வேறு யாருக்கும் எந்த நாயனாரும் தேவைப்படவில்லை. அவர்களுக்கு அவரவர் பேரே போதும். ‘எறிபத்தர் மாதிரி சார் நீங்க’ என்று எந்த நாளிலாவது எவனாவது என்னைச் சொல்வானா?

அவர் என் குணத்தைப் பாராட்டவில்லை தோழர்களே. என் இடத்தைச் சொன்னார். வாசலுக்கு வெளியே நில், முணுமுணுக்காமல் நில், ஆயிரம் வருசம் கழித்து உன்னைப் பாராட்டுவோம். இதைத்தான் சொன்னார். சொன்னது அவருக்கே தெரியாது. சாதிக்கு அதுதான் வசதி, சொல்கிறவனுக்குக்கூடத் தெரியாமல் பேசும்.

அன்றைக்கு ராத்திரி பெரிய புராணத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்க பெரியப்பா திண்ணையில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் பறை அடித்தவர்; இயக்கம் ஊருக்குள் வந்தபிறகு சாவு மேளத்துக்குப் போவதில்லை என்று சேரியே முடிவெடுத்தபோது முதலில் பறையை இறக்கி வைத்தவர். ஆனால் நந்தன் என்றால் அவருக்கு உயிர். நந்தன் கதையைக் கேட்டே வளர்ந்த தலைமுறை அது. விசயத்தைச் சொன்னதும் எழுந்து வந்தார்.

“புஸ்தகத்துல என்னடா தேடுற? திருப்புன்கூருலேந்து செலம்பரம் நடந்து பாப்போம் வா. பஸ்ஸுல போனா அது நந்தன் வழியில்ல.”

புரட்டாசி ரோகிணி திருநாளைப்போவார் குருபூசை. அதை ஒட்டி வந்த இரண்டாம் சனிக்கிழமை வங்கி விடுமுறை. அன்றைக்கு நடந்தோம். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். சேக்கிழார் கணக்குப்படி நந்தன் இந்த வழியில் ஒரே மூச்சாகப் போகவில்லை. கொள்ளிடக்கரை ஆதனூரிலிருந்து திருப்புன்கூர் போய் ஊர் திரும்பினான். தில்லைக்குப் போனது பிற்பாடு. நாங்கள் அந்த இரண்டு நடையையும் ஒரே நாளில் சேர்த்துக் கட்டினோம். கணக்கெழுதுகிறவன் புத்தி அப்படி.

*

விடியக்காலம் திருப்புன்கூர். சிவலோகநாதர் கோயில் வாசலில் கூட்டம் இல்லை. உள்ளே போனோம், யாரும் தடுக்கவில்லை. நந்தி பெரிய நந்தி. சன்னதிக்கு நேராக இல்லாமல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. பெரியப்பா அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கை கூப்பவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

எல்லாருக்கும் தெரிந்த கதைதான். வெளியே நின்று பார்த்த நந்தனுக்கு நந்தி மறைத்தது, சிவன் நந்தியை விலகச் சொன்னார், விலகியது, நந்தன் பார்த்தான். பாடப் புத்தகத்தில், சினிமாவில், கதாகாலட்சேபத்தில் இந்த இடம் வந்ததும் கண்ணில் தண்ணி வைக்கிறார்கள். எனக்கு ஒரு சின்ன சந்தேகம்தான். ஒரு டன் கல்லை நகர்த்துகிற ஆண்டவனுக்கு, ‘உள்ளே வாடா’ என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா? கல்லை நகர்த்துவதைவிட அது கஷ்டமா?

கஷ்டம்தான். கல் நகர்ந்தால் ஒன்றும் குறையாது. நந்தன் உள்ளே வந்தால் எல்லாம் குறையும். அதனால்தான் நந்தி நகர்ந்தது. வெளியே இருப்பவன் வெளியேயே இருக்க வேண்டும், அவனுக்கும் ஒரு குறை இல்லை என்று காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே அடியில் முடிக்கிற ஏற்பாட்டுக்குத்தான் அற்புதம் என்று பேர். இன்றைக்கு இலவச வேட்டி, தனிச் சுடுகாடு, தனிக் குடிநீர்த் தொட்டி என்று கொடுக்கிறார்களே, அதற்கெல்லாம் மூத்தது திருப்புன்கூர் நந்தி.

அன்றைக்கு நானும் பெரியப்பாவும் உள்ளே போனது நந்தி விலகியதால் இல்லை. 1939இல் மதுரையில் நடந்த ஆலயப் பிரவேசம், அதையொட்டி வந்த சட்டம், 1947இல் வந்த கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் இவற்றால் போனோம். அந்தச் சட்டம் எந்த ஆண்டவன் கனவிலும் வந்து சொன்னதில்லை. அடிவாங்கிய சனம் கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது, வந்தது.

வெளியே வந்தால் குளம். சேக்கிழார் தெளிவாக எழுதியிருக்கிறார்: திருப்புன்கூரில் பள்ளமான ஒரு இடத்தைப் பார்த்து நந்தன் குளம் தோண்டினான். ஒரு ஆள், ஒரு மண்வெட்டி. ஆனால் கோயிலில் கேட்டால் வேறு கதை. நந்தனுக்குத் துணையாகப் பிள்ளையார் வந்து குளம் வெட்டிக் கொடுத்தாராம். ‘குளம் வெட்டிய விநாயகர்’ என்றே பேர். நம்மாளு வெட்டிய மண்ணுக்குக் கூலிதான் கொடுக்கவில்லை, பேரையாவது விட்டு வைத்தார்களா? மண்வெட்டியைத் தொட்டே பார்க்காத சாமி பேரில் எழுதிவிட்டார்கள். ஒருத்தன் போட்ட பணத்தை இன்னொருத்தன் கணக்கில் வரவு வைத்தால் வங்கியில் என்னை சஸ்பெண்ட் பண்ணுவார்கள். புராணத்தில் பண்ணினால் அதற்குத் தலபுராணம் என்று பேர்.

குளம் வெட்டியவன் வாரிசு குடிக்கிற தண்ணித் தொட்டியில் மலத்தைக் கரைத்தது எந்த வருசம்? 2022 டிசம்பர். வேங்கைவயல். எந்தப் பிள்ளையார் வந்து தொட்டி கழுவினார்?

*

வைத்தீஸ்வரன் கோயில் மூணு கிலோமீட்டர். ஊருக்குள் நுழைந்ததும் ரெண்டு பக்கமும் நாடி ஜோதிடப் பலகைகள். நாளைக்கு நடக்கப்போவதை ஓலையில் பார்த்துச் சொல்கிறார்கள், காசு வாங்கிக்கொண்டு. நாளையை விற்கிற ஊர். பெரியப்பா ஒரு பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நமக்கு எதுக்குடா ஓலை? நம்ம நாளைதான் எப்பவும் தெரிஞ்ச நாளையாச்சே.”

சித்திரை மாசம் ரெண்டாம் செவ்வாய்க்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார்கள் இந்த ஊருக்கு நடந்து வருவார்கள். குடும்பம் குடும்பமாக, கையில் கோலோடு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நடக்கிறவன் காலை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு நடை மரபாகிறது, இன்னொரு நடை மறைந்து போகிறது, ஏன்? ஒருத்தன் போகும்போது அவனை வரவேற்கக் கதவு திறந்திருக்கிறது. இன்னொருத்தன் போகும்போது மதில்தான் இருக்கிறது. மதிலில் முட்டி நின்ற நடைக்கு யார் தண்ணிப்பந்தல் வைப்பான்?

சீர்காழி போகும்போது வெயில் ஏறிவிட்டது. ஒரு டீக்கடையில் நின்றோம். நான் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தேன். பெரியப்பா கிளாசை வாங்கிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று குடித்தார்.

“உள்ள வாங்க பெரிப்பா. ஃபேன் ஓடுது.”

“இங்க காத்தாட இருக்குடா.”

காற்று இல்லை. ஒரு இலை ஆடவில்லை. கடைக்காரருக்கு எங்களை யாரென்றே தெரியாது. அவர் யாரையும் வெளியே நிற்கச் சொல்லவில்லை. கொட்டாங்குச்சியில் டீ குடித்த காலத்தில் பெரியப்பாவின் காலுக்கு ஒரு எல்லை போட்டார்கள். கொட்டாங்குச்சி போய்விட்டது. எல்லை காலுக்குள் போய்விட்டது. நந்தி நகர்ந்தது என்கிறார்களே, இதை எவன் நகர்த்துவான்?

சீர்காழி ஞானசம்பந்தர் ஊர். சம்பந்தரோடு யாழ் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர், தீண்டப்படாத பாணர். சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்கிற அந்தணர் வீட்டில், வேள்வித் தீ எரிகிற வேதிகைக்குப் பக்கத்திலேயே பாணருக்குப் படுக்க இடம் கொடுத்ததாகவும் தீ வலஞ்சுழித்து ஓங்கியதாகவும் சேக்கிழாரே எழுதுகிறார். ஆக அவர் எழுத்திலேயே ரெண்டு தீ இருக்கிறது. ஒன்று தீண்டப்படாதவன் பக்கத்தில் படுத்தும் தீட்டாகாத தீ. இன்னொன்று தீண்டப்படாதவன் உள்ளே விழுந்தால்தான் தீட்டுக் கழியும் தீ. முதல் தீயை எவனும் பாடுவதில்லை. ரெண்டாவது தீக்கு மட்டும் கீர்த்தனை, சினிமா, குருபூசை. ஏன் என்று யோசியுங்கள்.

*

சீர்காழி தாண்டி எருக்கூர், புத்தூர் வழியாகக் கொள்ளிடம் வரை நீள ரோடு. ரெண்டு பக்கமும் குறுவை அறுப்பு. வயலில் ஆள் இல்லை, அறுவடை மிஷின்தான். இங்கேதான் நந்தன் கணக்கை முதலிலிருந்து பெரியப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு நடந்தேன். பேரேட்டில் எந்த எண்ட்ரி எப்போது ஏறியது என்று பார்ப்பதுதானே என் தொழில்.

முதல் எண்ட்ரி சுந்தரர். ஒரு பெயர், ஒரு வணக்கம். அவ்வளவுதான். சாதி சொல்லவில்லை, தீ சொல்லவில்லை. அடுத்தது நம்பியாண்டார் நம்பி. இங்கே புலை வருகிறது, ஆதனூர் வருகிறது, மூவாயிரம் பேர் கைகூப்ப முனிவனானான் என்று வருகிறது. தீ? இல்லை. மூன்றாவது எண்ட்ரி பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார். இங்கேதான் தீ ஏறுகிறது. சிவன் கனவில் வந்து இந்தப் பிறவி போகத் தீயில் மூழ்கு என்கிறார், தில்லைவாழ் அந்தணர்கள் கனவிலும் வந்து தீ மூட்டச் சொல்கிறார், தெற்கு மதிலுக்கு வெளியே குழி வெட்டி நெருப்பு வளர்க்கிறார்கள், நந்தன் இறங்குகிறான், பூணூலோடும் சடைமுடியோடும் எழுந்து வருகிறான், உள்ளே போகிறான். போனவனை அதன்பிறகு யாரும் காணவில்லை.

நம்ம ஊரில் ஒருத்தன் உள்ளே போய்த் திரும்பி வராவிட்டால் அதற்கு முத்தி என்று பேர் வைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. வழக்குப் போடச் சொல்லி ஸ்டேஷன் வாசலில் உட்காருவோம்.

ஆனால் சேக்கிழார் எழுதிய இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. அவர் சொல்லும் நந்தனுக்கு நிலம் இருந்தது. ஊர் விட்ட பறைத்துடவை, பறைத் தொழிலுக்காகக் கொடுத்த மானிய நிலம். அதில் சாப்பிட்டான். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தான், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தான், பூசைக்குக் கோரோசனை கொடுத்தான். எவனுக்கும் கைகட்டிய பண்ணையாள் இல்லை அவன். பெரிய புராணத்தில் அவனுக்கு ஆண்டையே கிடையாது.

ஆண்டை வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனையில். அங்கே நந்தன் வேதியரின் அடிமையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்டால், நாற்பது வேலியையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி 6.67 ஏக்கர். நாற்பது வேலி 260 ஏக்கருக்கு மேல். ஒரு ஆளுக்கு. ஒரே ராத்திரியில். அதையும் சாமிதான் முடித்துக் கொடுக்கிறது. மறுபடியும் உழைப்பு சாமி கணக்கில்.

“அப்ப நெலம் எங்கடா போச்சு?” என்று நின்றுவிட்டார் பெரியப்பா.

அதுதான் கேள்வி. பன்னிரண்டாம் நூற்றாண்டு ஏட்டில் துடவை இருந்தவன், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏட்டில் படியாள். நடுவில் நிலத்தை எவன் எடுத்தான்? புலவர்கள் சொல்லவில்லை. பாரதியைத் திட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அவர் கண்ணால் கண்ட தஞ்சாவூர்ச் சீமையை எழுதினார். அன்றைக்கு நந்தன்மார்கள் படியாளாகத்தான் கிடந்தார்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம், விற்கக் கூடாது, பிற சாதிக்காரன் வாங்கக் கூடாது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அது எங்கே? 1994இல் காரணையில் அதைக் கேட்டு மண்ணில் இறங்கியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, ரெண்டு பேர் செத்தார்கள். நந்தன் தில்லைக்குப் போக உத்தரவு கேட்டான் என்று பாடிப் பாடி, நந்தன் நிலத்தைக் கேட்டான் என்கிற பாட்டையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

1935இல் எடுத்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாக நடிக்க கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. அந்த அம்மா குரலுக்கு அது தகும். அதே வருசம் தஞ்சாவூர்ச் சீமை வயலில் நின்ற நிஜ நந்தனுக்குப் படி அளந்தது மரக்காலில். நந்தனைத் தமிழ்நாட்டுக்கு ரொம்பப் பிடிக்கும். வேஷத்தில் வந்தால்.

*

இங்கே என் கணக்கையும் எழுத வேண்டும். அடுத்தவன் பேரேட்டை மட்டும் தணிக்கை பண்ணுவது யோக்கியம் இல்லை.

எங்கள் கிளைக்கு ஒரு ஆயா வரும். நூறு நாள் வேலைக் கூலி கணக்கில் ஏறியிருந்தது, எடுக்க முடியவில்லை. விரல் வைத்தால் மிஷின் ஏற்கவில்லை. ஐம்பது வருசம் நாத்துப் பிடுங்கி, களை எடுத்து, கதிர் அறுத்த விரல். ரேகை தேய்ந்துபோய்விட்டது. முதல் தடவை “நாளைக்கு வாங்க ஆயா” என்றேன். சர்வர் சரியில்லை என்று நினைத்தேன். ரெண்டாம் தடவையும் சொன்னேன். மூணாம் தடவை கூட்டம். நாலாம் தடவை அது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டது: “நாளைக்குன்னா எந்த நாளைக்கு சாமி?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. ரெண்டு பஸ் மாறி வருகிற கிழவிக்கு எந்த நாள் என்று தெரிய வேண்டாமா?

விரல் விழாவிட்டால் வேறு வழி இருக்கிறது. படிவம் எழுதி, சாட்சி வைத்து, அதிகாரி ஒப்பம் வாங்கிக் கொடுக்கலாம். நான் நாற்காலியை விட்டு எழுந்து அவர் அறைக்கு நாலு எட்டு நடக்க வேண்டும். அதை நடக்கவில்லை. நான், சேரியில் பிறந்து இடஒதுக்கீட்டில் படித்து, அம்பேத்கர் படத்தை வீட்டில் மாட்டி, இந்தப் பத்திரிகையில் கவிதை எழுதுகிறவன். என் அம்மா வயசுக்காரி என்னை சாமி என்கிறாள், நான் நாளைக்கு வா என்கிறேன். பெயர் சொல்லுங்கள் தோழர்களே, இந்தக் கதையில் நான் நந்தனா, வேதியரா?

திருநாளைப்போவார் என்று பட்டம் கொடுத்தார்கள் அவனுக்கு. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன். பக்தியின் தவிப்பு என்று உரை எழுதுகிறார்கள். எனக்கு அது கவுண்டரில் நிற்கிறவன் குரலாகத்தான் கேட்கிறது. ‘நாளைக்குப் போவேன்’ என்று அவன் சொல்லியிருப்பானா, ‘நாளைக்கு வா’ என்று அவனிடம் சொல்லப்பட்டதா? நம் சனத்திடம் வாங்கிய கடனுக்கு இந்த நாடு கொடுத்த ஒரே ரசீது இந்த ‘நாளை’. அதை எழுதிக் கொடுக்கிற பேனா இப்போது நம்மில் சிலர் கையிலும் இருக்கிறது. தாசில்தார் ஆபீசில், பள்ளிக்கூடத்தில், வங்கியில். பேனா கை மாறியது. ரசீது மாறவில்லை.

*

கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது சாயங்காலம். ஆற்றில் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரை கடலூர் மாவட்டம், இந்தக் கரை 2020இல் பிரித்த மயிலாடுதுறை மாவட்டம். பாலத்து நடுவில் நான் கோபத்தில் கத்திவிட்டேன்: “நந்தன் கதையே வேணாம் பெரிப்பா. அவன் அவங்க ஆளு. அவங்க எழுதுனது. அயோத்திதாசர் சொன்ன நந்தன் ராசா, பௌத்தன், பார்ப்பனச் சூழ்ச்சியில கொல்லப்பட்டவன். அந்த நந்தன் போதும் நமக்கு. இந்த நந்தி, தீ, பூணூல் எல்லாத்தையும் ஆத்துல போடுவோம்.”

பெரியப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். மூச்சு வாங்கியது.

“ராசா கதையும் வச்சிக்க. வேணாங்கல. ஆனா இத ஆத்துல போடாதடா. எங்கப்பாரு எனக்கு நந்தன் கதை சொல்றப்ப என்னா சொல்வாரு தெரியுமா? ‘கல்லு நவுந்துச்சு, மனுசன் நவுரல.’ அம்புட்டுதான் கதெ. கல்லுக்கு இருந்த எரக்கம் இவுனுங்களுக்கு இல்லன்னு சொல்லத்தான் நாங்க அந்தக் கதெயச் சொன்னோம். நீ படிச்சவன், அவுங்க சொல்ற மாரியே அதைப் புரிஞ்சிக்கிட்ட.”

எனக்கு வாய் அடைத்தது. வெளியிலிருந்து எழுதியவர்கள் அதை அற்புதம் என்றார்கள். நம் சேரி அதைக் குற்றப்பத்திரிகையாகச் சொல்லி வந்திருக்கிறது. ஒரே வரிதான், பற்றில் எழுதுவதா வரவில் எழுதுவதா என்பதில்தான் வித்தியாசம். சாவு மேளத்தை இறக்கி வைத்த அந்தக் கிழவனுக்கு எந்தச் சிந்தனையாளனும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை இதை.

அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோர் யார் என்று நூல் எழுதியபோது மூன்று பேர் நினைவுக்கு அதைக் காணிக்கையாக்கினார். நந்தன், ரவிதாஸ், சொக்கமேளர். எல்லாப் புராணத்தையும் தோலுரித்தவர், நந்தனை ஆற்றில் போடவில்லை. தீயை எழுதியவர்களோடு சண்டை போட்டார், தீயில் நின்றவனைக் கூட வைத்துக்கொண்டார். பாலத்தில்தான் எனக்கு அது விளங்கியது.

*

வல்லம்படுகை தாண்டிச் சிதம்பரம். இருட்டிவிட்டது. நேராக ஓமக்குளம். நந்தன் தீ இறங்கிய இடம் என்று சொல்லப்படுகிற இடம். அங்கேதான் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தையும் பள்ளியையும் தொடங்கினார். ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் பிறந்து, துறவியாகி, சட்டமன்றம் வரை போன நம் மனிதர். அவர் நந்தனைக் கும்பிட்டவர்தான். ஆனால் நந்தன் மாதிரி நாளைக்குப் போகவில்லை. எரித்த இடத்தில் பள்ளிக்கூடம் கட்டினார். 1927இல் சிதம்பரம் வந்த காந்தி, நந்தன் தன்னை வருத்திக்கொண்டே தடைகளை உடைத்த சத்தியாக்கிரகி என்று மெச்சினார். தன்னை வருத்திக்கொள்! நாம் வருந்தாத நாள் எது? காந்தி மெச்சிய இடத்தில் வருத்தம் இருந்தது, சகஜானந்தர் கட்டிய இடத்தில் கரும்பலகை இருந்தது. நம் பிள்ளைகளுக்கு வாசல் திறந்தது எது?

தீ என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1968 டிசம்பர் 25. கீழவெண்மணி. கூலி கேட்ட சனம். ஒரு குடிசைக்குள் 44 பேர். 1973இல் உயர்நீதிமன்றம் முதலாளிகளை விடுதலை செய்தது. அந்தத் தீயிலிருந்து ஒருத்தரும் பூணூலோடு எழுந்து வரவில்லை. சேக்கிழாரின் தீ என்ன தீ என்று பார்க்க வேண்டுமா, வெண்மணிக்குப் போய்ப் பார்க்கட்டும். தீ மனுசனைச் சுத்தப்படுத்தாது. எரிக்கும்.

கடைசியாகத் தெற்குக் கோபுரம். உள்ளே தெற்குப் பக்கத்தில் இருக்கும் சுவர் நந்தன் போன வழியை அடைத்த சுவர், அதை எடு என்று 2010இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி போராடியது. அப்படி ஒன்று இல்லை என்றார்கள் தீட்சிதர்கள். 2022 பிப்ரவரியில் கனகசபையில் ஏறப்போன நம் சமூகத்துப் பெண்ணைத் தடுத்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள் என்று புகார் வந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அதே வருசம் மே மாசம் கனகசபையில் நின்று கும்பிடலாம் என்று அரசாணை போட வேண்டியிருந்தது. ஆயிரம் வருசம் கழித்து, ஒரு மேடையில் ஏற அரசாணை! நந்தி நகர்ந்தது என்று இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

கோபுரத்துக்கு வெளியே நின்றபோது பெரியப்பா கேட்டார், “உள்ள போவமாடா?”

“ஒங்களுக்கு வேணும்னா போவோம் பெரிப்பா.”

கொஞ்சம் யோசித்தார். “பசிக்குது. நல்ல கடையாப் பாரு. உள்ள ஒக்காந்து சாப்புடுவோம்.”

போனோம். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார். பரோட்டாவும் சால்னாவும். ரெண்டாவது தடவை சால்னா கேட்டு வாங்கினார், சத்தமாக.

*

திங்கட்கிழமை அந்த ஆயா வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றது. நான் எழுந்தேன். நாலு எட்டுதான். முப்பது கிலோமீட்டர் நடந்த காலுக்கு அது ஒன்றும் பெரிசில்லை. ஆனால் நாலு வாரமாக நடக்காத நாலு எட்டு அது. படிவம் எழுதி, ஒப்பம் வாங்கி, பணத்தைக் கையில் கொடுக்க இருபது நிமிசம் ஆனது. இருபது நிமிசம்!

“நல்லா இருப்ப சாமி.”

“சாமி இல்ல ஆயா. நானும் சேரிப் பையன்தான்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தது. “அப்பறம் ஏண்டா நாலு தடவ அலையவிட்ட?” என்றது. கிளை முழுக்கக் கேட்டது. அந்த நல்ல மனுசருக்கும் கேட்டிருக்கும். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பணிவோடு நிற்கவும் தோன்றவில்லை. “தப்புதான் ஆயா” என்றேன்.

நந்தனைப் பற்றி இனி யாராவது உங்களிடம் உருகினால் மூன்றே மூன்று கேளுங்கள் தோழர்களே. அவன் துடவை எங்கே? அவன் வெட்டிய குளம் யார் பேரில்? கல்லை நகர்த்தியவன் ஏன் கதவைத் திறக்கவில்லை? பதில் வரும்வரை எந்த நந்தனாராகவும் இருக்க மறுத்துவிடுங்கள். நம் சனம் ஒன்று உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றால் ‘நாளைக்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தைக்கு நம் வம்சம் கட்டிய வட்டி போதும்.